இரண்டாம் சாவி

கடைவீதி மூலையில் ஆறு கல்தூண்களோடு நிற்கும் வங்கிக் கட்டடத்தின் முதல் மானேஜர், அதன் பெட்டக அறைக்குள் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். ஒரு முடிகூட நரைக்கவில்லை. கட்டடம் திறந்த மறுவாரம், அவர் உள்ளே இருப்பதைக் கவனிக்காமல், மணி ஐந்தடித்ததும் கேஷியர் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு சாண் கனமுள்ள அந்த இரும்புக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதற்கும் இரண்டு சாவிகளை ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்று கேஷியரிடம் இருந்தது. மற்றது மானேஜரின் சட்டைப்பையில், உள்ளே.

செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவிக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். சுவரின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுத்துளை இருந்தது. ஸ்டூலில் ஏறி அதில் வாய்வைத்து, "சாவிய இப்படிப் போடுங்க" என்றாள்.

"உன்கிட்ட எப்படித் தர்றது? சாவி வாங்குற அதிகாரம் உனக்கு இல்லையே" என்றார் உள்ளே இருந்தவர்.

"கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத அதிகாரமா?"

கேஷியரும் வாங்க மறுத்தார். இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்தால் வேலை போய்விடும். தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு, எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: சாவியை ஒப்படைப்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் விதி பதினான்கின்படி ஒப்படைப்பு பெட்டக அறைக்குள்தான் நடக்க வேண்டும். அந்த விதியை எழுதியவரே உள்ளே இருந்தார். "சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள்; இவரை அது சுடவுமில்லை.

உள்ளே அவருக்குப் பசிக்கவில்லை, தாடி வளரவில்லை. கோப்புகள் சுருட்டப்பட்டுத் துளை வழியே போய்க் கையெழுத்தோடு திரும்பின. யாராலும் பார்க்க முடியாத மானேஜர் என்பதால் வங்கியின் மதிப்பு ஊரில் கூடியது. வருகைப் பதிவேடு மட்டும் வெளியே இருந்ததால் அத்தனை ஆண்டும் அவருக்கு விடுப்பு எழுதப்பட்டது. பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது, கேஷியர்கள் நான்கு பேர் ஓய்வு பெற்றார்கள். அவள் தினமும் மதியம் வந்து, கூரை ஒழுகுவதையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் சொல்லிவிட்டுப் போனாள். முழங்கால் மக்கர் செய்த பிறகு கீழே நின்றே கத்திப் பேசினாள். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஒரே அறையில் அவரோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கடைசியில் வங்கி வேறு இடத்துக்குப் போனது. பெட்டக அறையை விதிப்படி திறக்க முடியாததால் 'காலி' என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கட்டடத்தை வாங்கிய செருப்புக்கடைக்காரருக்கு விதி பதினான்கு தெரியாது. வெல்டரைக் கூப்பிட்டு நாற்பது நிமிடத்தில் கதவை அறுத்தார்.

முப்பத்தொரு வயது மானேஜர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதிரே நின்ற நரைத்த பெண்மணியிடம் மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, என் வீட்டுக்காரி இங்கதான் நிப்பா, பாத்தீங்களா?"

பேசினால் குரலை அடையாளம் கண்டுகொள்வார் என்று அவள் வாயைத் திறக்கவே பயந்தாள்.

பிறகு, "இங்கதான் நிக்கிறேன்" என்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப நேரமாக்கிட்டேனா?"

"ஆமா. நடங்க, வீட்டுக்குப் போலாம்."

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்தே கடைவீதிக்கு வந்தார்கள். வெளியூர்க்காரர் யாராவது வாய்விட்டுக் கேட்டால், "அம்மாவும் புள்ளையும் இல்லீங்க, புருஷன் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்த்தார்கள்.