உறைகாலத்தில் வந்த ஒரு வரி

யாமிலா சாராத்தே தேதி தவறாதவள். ஏப்ரல் பதினைந்து, அக்டோபர் பதினைந்து. வெள்ளம் வந்தாலும் வேலைநிறுத்தம் வந்தாலும் அந்த இரண்டு நாளிலும் ‘தேரோ’வின் புதுப் பதிப்பு வெளிவந்துவிடும். ஆறு பேர் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் போட்டுவைத்த மென்பொருள் அது. சாக்கோ மாகாணத்தின் முள்காட்டுக்குள் இருக்கிற நூற்று நாற்பத்து மூன்று சுகாதார நிலையங்களில், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி என்றைக்குப் போடவேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்வது தேரோதான்.

காட்டுக்குள் இணையம் ஏது? நர்சுகள் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் புழுதி தின்று, சிக்னல் உள்ள ஊருக்கு வந்து புதுப் பதிப்பை இறக்கிக்கொண்டு போவார்கள். தேதி தவறாது என்று தெரியுமாதலால் சரியாக அந்த வாரம் வருவார்கள். அதோடு அடுத்த ஆறு மாதத்துக்கு எட்டிப் பார்க்கமாட்டார்கள். யாமிலாவுக்கு இதில் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைக்குக் காவல்தான் உறைகாலம். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து யாரும் ஒரு வரியையும் மாற்றக்கூடாது. சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும், காரணத்தை எழுத்தில் கொடுத்துக் கேட்கலாம். விதியை யாமிலாவே தன் கையால் எழுதி, ரெசிஸ்தென்சியா நகரில் தன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். கடைசியில் ஒரு அடிக்குறிப்பு: ‘யாமிலா கேட்டாலும் கிடையாது.’

அக்டோபர் மூன்றாம் தேதி, ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்த நேரம். லிசாந்த்ரோ வந்தான். ஆறு பேரில் ஒருவன், மாணவப் பருவத்திலிருந்தே கூட இருப்பவன், ஒரு கல்லூரியில் தொழில்நுட்ப ஊழியன். தேரோவின் சர்வர் அந்தக் கல்லூரியின் நிலவறையில், அவன் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காட்டிலிருக்கும் கணினிகளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே முகவரிதான். வேறு எங்கிருந்து எது வந்தாலும் தொடாது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்துவைத்திருந்தார்கள்.

யாமிலா ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரை அவன் பக்கம் நீட்டினாள். அவன் ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுச் சொன்னான்.

“ஒரே ஒரு வரிதான் யாமி. பழைய முகவரியில ஆள் இல்லன்னா புது முகவரியில போய்ப் பாருன்னு சொல்ற வரி. புது இடத்துக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன். சேர்த்துடு.”

“இன்னிக்கு என்ன தேதி?”

“மூணு.”

“உறைகாலம் என்னிக்கு ஆரம்பிச்சுது?”

“தெரியும் தாயே, தெரியும்.”

“தெரிஞ்சுமா கேக்குற? காரணம்னு போட்ட இடத்துல என்ன எழுதியிருக்க பாரு. ‘முன்னெச்சரிக்கை.’ இது ஒரு காரணமா? சர்வர் படுத்துடுச்சா?”

“இல்ல, ஓடுது.”

“கல்லூரி எங்கயாவது ஓடிப்போகுதா?”

“கல்லூரி எங்க ஓடும்...” என்று இழுத்தான். அடுத்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை அவள் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அவள் அதற்குள் சூடாகிவிட்டாள்.

“அப்புறம் எதுக்குடா என் உயிர வாங்குற? அஞ்சு வருஷம் முன்னாடியும் நீ ஒரே ஒரு வரின்னுதான் கொண்டுவந்த. என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்பது இருவருக்கும் தெரியும். அந்த வரியால் நாற்பது நிலையங்களில் தடுப்பூசித் தேதிகள் ஒரு மாதம் தள்ளிப்போயின. உறைகாலமே அதற்குப் பிறகு வந்ததுதான். லிசாந்த்ரோவின் முகம் சுண்டிப்போயிற்று. தெரெரேயை மேசைமேல் வைத்தான்.

“சரி. ஏப்ரல்ல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது படித்தவனையும் ஊமையாக்கிவிடும்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பதிப்பு வெளியானது. வழக்கம்போல ஆறு பேரும் யாமிலா வீட்டில் கூடி, சுடச்சுட சிபா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே திரையில் எண் ஏறுவதைப் பார்த்தார்கள். மூன்று நிலையங்கள், பதினொன்று, முப்பது. ஒரு வாரத்தில் நூற்று முப்பத்தொன்று. இதுவரை இல்லாத எண்ணிக்கை. “ஒரு குறையும் வரலை பாத்தீங்களா?” என்று யாமிலா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். லிசாந்த்ரோ மட்டும் கையிலிருந்த ரொட்டியைத் தின்னவே இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி அவன் மறுபடி வந்தான். வாசலிலேயே நின்றான்.

“வெள்ளிக்கிழமையோட எனக்குக் கல்லூரியில வேலை இல்ல. செப்டம்பர் கடைசியிலயே கடுதாசி குடுத்துட்டாங்க. நிலவறையையும் அன்னிக்கே காலி பண்றாங்க. நம்ம சர்வரோட முகவரி கல்லூரி பேர்ல இருக்கு, அதையும் அழிச்சிடுவாங்க.”

யாமிலா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“செப்டம்பர்லயேவா? மூணாம் தேதி இங்க உக்காந்திருந்தியே, அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன்டா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ஐம்பது வயசுல வேலை போச்சுன்னு அந்தக் கட்டத்துல எழுதச் சொல்றியா? ஆறு பேரும் படிப்பாங்க. அந்த ஒரு வரி உள்ள போயிட்டா போதும், யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். நீ பழசக் கெளறினதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.”

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் ஏது? ஒரு மணி நேரத்தில் தேதியாவது மண்ணாவது என்று அந்த வரியைச் சேர்த்து, அவசரப் பதிப்பு ஒன்றை வெளியிட்டாள். எண் ஏறுமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வருவார்கள்? வரவேண்டியவர்கள் எல்லாம் வந்துவிட்டுப் போய்விட்டார்களே. தெரிந்த நர்சுகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள்; காட்டுக்குள் அது போய்ச் சேரவில்லை. வெள்ளி மாலை சர்வர் நிற்பதற்குள் இரண்டே இரண்டு நிலையங்கள் வந்தன.

திங்களன்று கல்லூரிக்கு நேரில் போனாள். அந்தப் பெயரை ஓர் ஆறு மாதம் மட்டும் விட்டுவையுங்கள் என்று கெஞ்சினாள். முகவரி ஏற்கெனவே போய்விட்டது, வெளியாட்களுக்கு இனி கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்தாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். மீதி இருந்தது ஒரே வழி: நூற்று நாற்பத்தொரு நிலையங்களுக்கும் ஆள் நேரில் போய் ஒவ்வொரு கணினியிலும் கை வைக்கவேண்டும். ஆறு பேர், ஒரு பழைய வண்டி. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மழை பிடித்தால் அந்தச் செம்மண் பாதைகள் மார்ச் வரைக்கும் சேறுதான். தடுப்பூசி அட்டவணையோ ஏப்ரலில் மாறுகிறது. அதற்குப் பிறகு தேரோ அத்தனை பேருக்கும் பழைய தேதியைத்தான் சொல்லும். அவர்களும் அதை நம்புவார்கள்.

புதன்கிழமை தெல்மீரா கூப்பிட்டாள். முப்பது வருடமாகக் காட்டுக்குள் நர்சு வேலை பார்ப்பவள்.

“மகளே, மருந்து வாங்க ஊருக்கு வந்தேன். உன் செய்தி இப்பதான் வந்துச்சு. பொட்டியத் தொறந்து பாத்தா, அந்த எடத்துல யாருமே இல்லங்குது. நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?”

“இல்லம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. ஒரு வரி சேர்க்காம விட்டுப்போச்சு. நாங்க நேர்ல வந்துதான் சரி பண்ணணும்.”

“எப்போ வருவ?”

“பாதை காயணும்மா. வரிசையில உங்க எடம் நூத்திப் பதினேழு. வந்து சேர அடுத்த வருஷக் கடைசி ஆயிடும். ஏப்ரலுக்கு அப்புறம் பொட்டி சொல்ற தேதிய நம்பாதீங்க. உங்க பக்கத்துல இருக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க.”

“பக்கத்துல எனக்கு யாரு இருக்கா?” என்று சிரித்தாள் தெல்மீரா. பிறகு கேட்டாள். “நான் பதினஞ்சாந் தேதியே வந்தேனே, மகளே. சொன்ன நாள்ல, அறுபது கிலோமீட்டர். அன்னிக்கே அந்த வரியக் குடுத்திருந்தா நான் வாங்கிட்டுப் போயிருப்பேனே? அன்னிக்கு உங்ககிட்ட அது இல்லியா?”

யாமிலா குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். தன் கையெழுத்து, தன் அடிக்குறிப்பு.

“இருந்துச்சும்மா” என்றாள். “பன்னெண்டு நாளா கையிலதான் இருந்துச்சு.”