ரூபன் விரும்பாத விருப்பப் பாடம்

பயன்பாட்டு உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி ஆண்டில் விருப்பப் பாடம் என்று ஒன்று உண்டு. விருப்பமெல்லாம் பெயரில்தான். பதிவு திறக்கும் காலையில் முதலில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் விரும்பியதை அள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு எழுந்தவர்கள் மிச்சத்தை விரும்பிக்கொள்ள வேண்டியதுதான். ரூபன் அன்றைக்குப் பார்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

அவன் ஆசைப்பட்டது விளையாட்டு உளவியல். ஏதாவது ஒரு காற்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போக வேண்டும், பெனால்ட்டி அடிக்கப் பயந்து நிற்கிறவன் தோளில் கைபோட்டு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவன் கோல் போட வேண்டும், டிவியில் தன் முகமும் ஓரமாகத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் கனவு. ஆனால் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது விளையாட்டு நிரம்பிவிட்டது. குற்றவியல், குழந்தைகள், விளம்பரம் எல்லாம் நிரம்பிவிட்டன. ஒரே ஒரு பாடத்தில்தான் இடம் தாராளமாக இருந்தது. அதன் பெயர் ‘மரணமும் இழப்பும்’.

“மச்சான், கவலைப்படாதலா,” என்றான் கிளென். லகாட்டிலிருந்து வரும் கூட்டாளி. சீக்கிரமே எழுந்து விளையாட்டு உளவியலைப் பிடித்துக்கொண்ட புண்ணியவான். “இதுல ஒரு நல்லது இருக்கு. செத்தவன் எவனும் உன்மேல கம்ப்ளேன் குடுக்க மாட்டான்.”

பாடம் நடத்திய டாக்டர் கார்மென் பார்க்க சாது. ஆனால் அவர் கொடுத்த வேலை சாதுவாக இல்லை. தங்களுக்குத் தெரியாத ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போக வேண்டும். ஓரமாக நின்று, யாராவது ஒருவருடைய துக்கத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்வரை இருந்து, கண்ணால் கண்டதை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் பாடத்தில் தோல்வி. தோற்றால் கூட்டாளிகள் அங்கியும் தொப்பியுமாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ரூபன் மட்டும் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்திருப்பான்.

இதில் என்ன கஷ்டம், செத்த வீட்டுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு ரூபனின் அம்மா சரளாவைத் தெரியாது.

குனோங் ராபாட்டில் அவர்கள் வீட்டில் அப்போது கல்யாணம் வைத்திருந்தார்கள். ரூபனின் அக்கா தினேஸ்வரிக்கு வரன் எங்கெங்கோ தட்டிப்போய், கடைசியில் ஒரு நல்ல இடம் அமைந்து, பரிசமும் போட்டாகிவிட்டது. பரிசம் போட்ட வீட்டுக்காரர்கள் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சரளா அந்த வழக்கத்தைச் சட்டமாக்கி, அதற்குப் போலீசாகவும் தானே நின்றாள். தமிழ்ப் பேப்பர் வந்தால் இரங்கல் படங்கள் உள்ள பக்கத்தை முதலில் உருவி எடுத்துவிடுவாள். டிவியில் யாராவது செத்தால் சேனல் மாறும். “செம பசி, செத்துட்டேன்” என்று ரூபன் ஒருநாள் சொல்லப்போக, சோற்றுக் கரண்டி பறந்தது. லோரி ஓட்டும் அவன் அப்பா ராமையா, ஜொகூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர், வந்த நாள் முழுக்க வாயைத் திறக்காமலே இருந்து தப்பித்துக்கொண்டார்.

இந்த வீட்டில் போய், நான் எடுத்திருக்கும் பாடம் சாவு என்று எப்படிச் சொல்வது? ரூபன் ‘குடும்ப உளவியல்’ என்று சொல்லிவைத்தான்.

“நல்லதுடா. கல்யாணத்துக்கு ஏத்த பாடம்,” என்று சரளா சந்தோஷப்பட்டாள்.

வேலையை ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது கிளென் போன் செய்தான். அவன் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். துக்கச் செய்தி அவனுக்குத்தான் முதலில் வரும்.

“எங்க லோரோங்ல, நாலு வீடு தள்ளி, ஒரு ஆண்டி தவறிட்டாங்கடா. இருதயமேரின்னு பேரு. நாளன்னிக்குக் காலையில எடுக்குறாங்க. கிறிஸ்டியன் வீடு, லகாட்டு. உங்காளுங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. சேஃப்லா.”

அந்த இரண்டு நாளும் ரூபன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடக் குறிப்புகளைக் கரைத்துக் குடித்தான். துக்கத்தில் இருப்பவர்களுக்கு மறதி வரும். சாப்பாடு பிடிக்காது. காரணமில்லாமல் கோபம் வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அவன் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், சரளா புளி போடாமல் ரசம் வைத்தாள். தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் சின்னதாக இருக்கிறது என்று தினேஸ்வரியிடம் எரிந்து விழுந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டோடு எழுந்து போனாள்.

‘கல்யாண டென்ஷன்’ என்று ரூபன் நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். நாளைய மனநல நிபுணர் அல்லவா!

எடுக்கிற நாள் காலையில் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான்.

“எங்கடா போற?”

“காம்பார் லைப்ரரிக்குமா. நீ?”

“லிட்டில் இந்தியாவுக்கு. டெய்லர் வரச் சொன்னான். லைப்ரரிக்கு எதுக்குடா வெள்ளச் சட்ட?”

“பிரசண்டேஷன் இருக்கு.”

அதற்குமேல் அவள் துருவவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறவள் ஏன் நிறம் மங்கிய பழைய சேலை கட்டியிருக்கிறாள் என்று அவனும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அவரவர் பொய்யைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

லகாட்டில் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், மினரல் வாட்டர் பெட்டிகள், ஜெபமாலை சொல்லும் பெண்கள். கிளென் உள்ளே பாட்டுக் கூட்டத்தோடு இருந்தான். ரூபன் கூடாரத்தின் கடைசியில் நின்று, யாருடைய துக்கத்தைக் கவனிக்கலாம் என்று ஆள் தேடினான். இறந்தவரின் கணவர் பாஸ்கல் வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையில்லாத மனிதர். அவர் அழவே இல்லை. மற்றவர்கள் கல்லறைக்குப் போகும் வழி பற்றியும் எங்கே கார் நிறுத்துவது என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் அறிக்கையில் கார் நிறுத்தும் இடம் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று அவனுக்குக் கவலை பிடித்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் தணிவாகக் கூப்பிட்டது.

“தம்பி! வெள்ளச் சட்ட தம்பி! கொஞ்சம் இங்க வாங்களேன்.”

ரூபன் திரும்பினான். தெருவோர லோங்காங் கால்வாய்க்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டுச் சீனர் வீட்டுக் கார் நிறுத்தும் கூரைக்கடியில், ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சரளா நின்றிருந்தாள்.

முதலில் சுதாரித்தவள் அவள்தான்.

“லைப்ரரி லகாட்டுக்கு வந்துருச்சா?”

“டெய்லர் கடையும் வந்துருச்சு போலம்மா.”

“வாயப் பாரு! பரிசம் போட்ட வூட்டுப் புள்ள, சாவு வூட்டுல வந்து நிக்கிற. உனக்கு அறிவிருக்கா?”

“நீயும்தானம்மா நிக்கிற?”

“நான் உள்ள போவல,” என்றாள் சரளா சட்டென்று. “லோங்காங்குக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். ரோட்டுல நின்னா அது சாவுக்குப் போனதா ஆவாது.” இதை அவள் வீட்டிலிருந்தே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

ரூபன் கால்வாய்ப் பலகையைத் தாண்டி அவள் பக்கத்தில் வந்தான். அருகில் பார்த்தபோதுதான் அவள் கண்கள் வீங்கியிருப்பது தெரிந்தது.

“யாரும்மா அவுங்க?”

“மேரிடா.”

அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதும் முகம் உடைந்துவிட்டது. ரப்பர் பால்மரத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். தோட்டம் போன பிறகு ஒரே கையுறை ஃபேக்டரியில், ஒரே ஷிப்டில், ஒரே பஸ்சில் அடுத்தடுத்த சீட்டு. தினமும் பார்த்துக்கொள்வதால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக அவசியமே வந்ததில்லை. வேலை முடிந்து வந்த பிறகும் சமையலறையில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மா பேசுவாளே, அந்த மேரி. பேசுவது யாரோடு என்று ரூபன் ஒருநாளும் கேட்டதில்லை.

புளியில்லாத ரசமும், இரண்டு தரம் தேய்த்த சட்டையும், அப்படியே எடுத்துப்போன சோற்றுத் தட்டும் இப்போது ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்தன. மஞ்சள் பேனாவோடு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததை எண்ணி அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“கல்யாணத்துக்கு அவளுக்கு ஒரு சேல எடுத்து வச்சிருந்தேன்,” என்று பையைக் காட்டினாள். “நீதான் ஏற்கெனவே மிதிச்சுட்டியே, எடுத்துட்டுப் போயி பாஸ்கல் அண்ணங்கிட்ட குடுத்துட்டு வந்துரு. நான் வரல. உங்க அக்காவுக்கு நாளைக்கு ஏதாவதுன்னா, என் மனசு என்னைய சும்மா விடாதுடா.”

அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல ரூபன் வாயெடுத்தான். ஆனால் அதைச் சொல்ல அவன் யார்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கூடாரத்தில் திடீரென்று பேச்சு அடங்கியது. பெட்டியை மூடப் போகிறார்கள். சடங்கை முன்னின்று நடத்திய பெரியவர் வாசலுக்கு வந்து உரக்கக் கேட்டார்.

“பொறந்த வீட்டுக் கோடி! பொறந்த வீட்டுக் கோடி போடுறவங்க வாங்க!”

யாரும் அசையவில்லை. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். அதுதான் அவளுக்குக் கடைசி மரியாதை. ஆனால் மேரிக்குப் பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கூடப்பிறந்த ஒரே அண்ணனும் கொரோனாவில் போய்விட்டார். பெரியவர் இன்னொரு முறை கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அழாமல் நின்ற பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். “சரி விடுங்க, மூடுங்க” என்று அவர் சொன்னது தெருவரை கேட்டது.

ரூபனின் கையிலிருந்து அம்மாவின் கை உருவிக்கொண்டது. அவன் பார்க்கும்போது அவள் பலகையைத் தாண்டிவிட்டாள்.

“மூடாதீங்க!” என்று கத்திக்கொண்டே போனாள். “நான் இருக்கேன். அவளுக்குப் பொறந்த வீடு நான் இருக்கேன்!”

கூட்டம் விலகி வழிவிட்டது. மாம்பழ நிறப் பட்டுச்சேலை, கடைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சரளா அதைப் பல்லால் கடித்து எறிந்துவிட்டு, சேலையை விரித்து மேரியின் கழுத்துவரை போர்த்தினாள். மடிப்புகளை நீவிவிட்டாள். அப்புறம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள்.

“பந்தியில முன்னால நிப்பேன்னு சொன்னியேடி! வளையல் கூட எடுத்து வச்சிட்டேன்னு சொன்னியே! இப்ப நான் யாருகிட்டடி போயி பேசுவேன்?”

பாஸ்கல் அவள் தோளைத் தொட்டார். “சரளா, கல்யாணத்த வச்சிக்கிட்டு நீ ஏம்மா…” என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ரூபனுக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது. இதை எப்படி எழுதுவது என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். தூக்க ஆட்கள் கூடினார்கள். பாஸ்கல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரளாவின் பின்னால் வந்து நின்ற பையனைப் பார்த்தார்.

“இது யாரு?”

“என் மவன்.”

“அப்ப அவளுக்கும் மவன்தான். முன்னால வாய்யா, தோள் குடு.”

ரூபன் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான். கல்யாணப் பெண்ணின் கூடப்பிறந்த தம்பி. இனி சண்டைதான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தான். சரளா கூடாரத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

“என்னா முழிக்கிற? ஷூவக் கழட்டிட்டுத் தூக்குடா,” என்றாள். “உன் பெரியம்மாடா அவ.”