வைத்தியச்சி விடைபெறும் காட்சி

நாளைக் காலை என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பியதும் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. திரும்பி வரப்போவதில்லை. இது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இன்று சாயங்காலம் பார்த்து மனுஷன், நான் வசனம் எழுதிய வீடியோ கேமைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

மந்திரவாதிகளும் டிராகன்களும் திரியும் கேம் அது. ஆடுகிறவர்தான் வீரன். துணைக்கு ஒரு திருடன், ஒரு வில்லாளி, ஒரு வைத்தியச்சி. வீரன் அநியாயம் செய்யச் செய்ய வைத்தியச்சிக்கு மனசு விட்டுப்போகும். ஒரு கட்டத்தில் விடைபெற்றுக்கொள்வாள். அவளுக்கு வசனம் எழுத எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. வீட்டில் சொன்னது, சொல்லாமல் விழுங்கியது எல்லாவற்றையும் அவள் வாயால் சொல்லவைத்தேன். புத்திகெட்டவள் நான், வேறென்ன.

சோபா ஓரத்தில் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். அவர் ஒரு ஊரையே கொளுத்தினார். சரணடைந்தவனை வெட்டினார். வைத்தியச்சி எழுந்து நின்றாள்.

"நீங்க கத்தினாக்கூடத் தாங்கிப்பேன். கத்தி முடிச்சிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட உட்கார்றீங்களே, அதான் பயமா இருக்கு."

அவர் ஆட்டத்தை நிறுத்தினார். "இது நீ என்கிட்ட சொன்னதாச்சே."

"எல்லாரும் சொல்றதுதாங்க," என்றேன்.

வீரன் சொல்ல வேண்டிய பதில்கள் திரையில் வந்தன. மன்னிப்புக் கேட்கும் பதிலை அழுத்தினார். அவள் போய்விட்டாள். ஆட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், கெஞ்சும் பதிலை அழுத்தினார். அப்போதும் போய்விட்டாள்.

"எதுக்கும் மசிய மாட்டேங்கிறாளே," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: கோட்டைக் கதவைச் சாத்து. ஆடுகிறவருக்கு ஒரு வழியாவது பலிக்க வேண்டும் என்று கேம் கம்பெனி மேனேஜர் அடம்பிடித்ததால் வேண்டாவெறுப்பாக எழுதியது. அதை அழுத்தினார். வைத்தியச்சி தங்கிவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுதவில்லை.

அவள் வீரனுக்குப் பின்னால் தலைகுனிந்து நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லா வேலை செய்யுது. இதையும் நீதானே எழுதின?"

"ஆமாங்க." கையில் இருந்த சட்டையை மறுபடியும் உதறி மடித்தேன்.

அவர் போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினார். பேசும்போது கண் என்மேலேயே இருந்தது.

"சார், நாளையிலேர்ந்து ஒரு வாரம் லீவு வேணும். வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு."