வியாழக்கிழமை பதினோரு மணி

ஆபீசில் அவளுக்குத் தீயணைப்பு என்று பெயர். பேருந்து சீட்டு முன்பதிவு செய்யும் அந்த மென்பொருளில் எங்கே புகைந்தாலும் அவளுக்குத்தான் முதலில் மூக்கில் வியர்க்கும். பன்னிரண்டு வருஷ அனுபவம். வாயும் கொஞ்சம் நீளம்தான், அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

இரண்டு மாதமாக அவள் குழுவுக்கு மேனேஜர் இல்லை. அந்த நாற்காலிக்கு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல், மறுநாள் ஒரு வெளியாளுக்கு. வெளியாள் வந்தால் ஏழு பேரையும் பிரித்து மூன்று குழுக்களுக்குப் பங்கு போட்டுவிடுவார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. தன் குழுவை அப்படிக் கூறுபோட விட அவளுக்கு மனசில்லை. பதவி ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்?

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நேர்காணல் ஒத்திகைக்குக் கேள்வித் தாளைக் கொடுத்து நாத்தனாரை எதிரே உட்கார வைத்தாள். நாத்தனார் ஆபரேஷன் தியேட்டரில் பொறுப்பு நர்ஸ். கம்ப்யூட்டரைப் பற்றிச் சுட்டுப்போட்டாலும் தெரியாது. ஆனால் குறுக்குக் கேள்வி கேட்பதில் வக்கீல் தோற்றான்.

"தொழில்நுட்பத் தலைமைன்னா என்னன்னு கேப்பாங்களாம். சொல்லுங்க அண்ணி."

அண்ணி பொழிந்து தள்ளினாள். பழைய நிரலை எப்போது திருத்துவது, எப்போது தூக்கிப் போடுவது, இரண்டு பேர் முட்டிக்கொண்டால் யார் பக்கம் நிற்பது, எல்லாவற்றுக்கும் பதில் தயார். நாத்தனார் தாளில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள்.

"பெரிய சிக்கல் வந்தப்போ எப்படித் தலைமை தாங்கினீங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தாள்! இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே சீட்டு இரண்டு பேருக்குப் போன கதையை எடுத்தாள். அன்று புதுப் பதிப்பை வெளியிட்டுக்கொண்டிருந்தவர், குழுவில் நிதானம் என்று பெயர் வாங்கியவர். இவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு விரலால் தட்டி, நின்று, படித்து, மறுபடி தட்டுவார், அதனால் அந்தப் பெயர். இவள் பொறுக்க மாட்டாமல் அவர் கையிலிருந்த கீபோர்டை இழுத்து, நாற்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரி செய்தாள்.

"சரி, அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்?"

"யாரு?"

"அந்த நிதானம்."

"என்ன ஆவாரு? இருக்காரு. அதுலேருந்து ரிலீஸ் எல்லாம் நானே பண்றேன்."

"நீங்க லீவு போட்டா?"

"அன்னைக்கு ரிலீஸ் இருக்காது."

நாத்தனார் டிக் போடவில்லை. "எங்க தியேட்டர்ல ஒரு டாக்டர் இருந்தார் அண்ணி. தங்கமான கை. ஆனா தையல்கூட இன்னொருத்தர் கையில விட மாட்டார். அவருக்குக் காய்ச்சல்னா அன்னைக்குக் கத்திக்கே லீவு. கடைசி வரைக்கும் அவரத் தலைமை டாக்டராப் போடவே இல்ல."

"நான் காப்பாத்தின கதையைச் சொன்னா நீ என்னையே குத்தம் சொல்றியா?"

"நான் சொல்லல. கேள்வி கேக்கச் சொன்னீங்க, கேட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு எழுந்து போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்து மடித்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அதற்காக அதை வீட்டு மனுஷியே கண்ணாடி வைத்துக் காட்ட வேண்டுமா?

இதில் இன்னொரு கூத்து. அதே வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் அவர்கள் குழுவின் வாராந்திர வெளியீடும். முன்பதிவு குறைவாக இருக்கும் நேரம் அது. வெளியீட்டை வெள்ளிக்குத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். திங்கள் காலையில் அந்த நினைப்பை விட்டுவிட்டு, நேராக நிதானத்தின் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, வியாழக்கிழமை ரிலீஸ் நீங்க பண்ணணும். உக்காருங்க, சொல்லித் தர்றேன். மொத்தம் பத்தொன்பது படி."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "முப்பத்தொண்ணும்மா."

இரண்டு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்து ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்! பன்னிரண்டு படிகளை அவள் தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். இருபத்திரண்டாவது படியில், 'இங்கே மேடம் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். எண் ஏறினால் நிறுத்துவார்' என்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"அன்னைக்கு உங்க கையிலேருந்து கீபோர்டைப் பிடுங்கியிருக்கக் கூடாதுண்ணே."

"பிடுங்கினது பரவாயில்லம்மா. நெருப்பு எரியுது, பிடுங்கினே. திருப்பிக் குடுக்கவே இல்லியே, அதான்."

அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். 

மூன்று நாள் ஒத்திகை பார்த்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பது அவளுக்குப் பிரசவ வேதனையாக இருந்தது. 'வேகமா, வேகமா' என்று நாக்கு நுனி வரை வரும். அவர் திரும்பாமலே, "பதறாத காரியம் சிதறாதும்மா" என்பார்.

வியாழக்கிழமை வந்தது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். எதிரே தொழில்நுட்பப் பிரிவின் இயக்குநர் அம்மாள். சிரிக்காத முகம், கூர்மையான பேனா.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. அவள் அதே கதையைச் சொன்னாள். ஆனால் நாற்பது நிமிஷத்தோடு நிறுத்தவில்லை. "சிக்கலைத் தீர்த்தேன் மேடம். அதோட இன்னொரு சிக்கலை உண்டாக்கிட்டேன். ரெண்டு வருஷம் எங்க டீமே என் ஒருத்தி கையை நம்பி நின்னுச்சு. திங்கக்கிழமைதான் புத்தி வந்தது." குரல் நடுங்கவில்லை. நடந்ததைத்தானே சொல்கிறோம், எதற்கு நடுக்கம்?

அப்போது இயக்குநரின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க டீம் ரிலீஸைப் பாதியில நிறுத்திட்டாங்களாம். போய்ப் பாக்கணும்னா பாருங்க. பத்து நிமிஷம் தர்றேன்."

ஐயோ! கால் தானாகவே தரையை உந்தியது. இரண்டு மாடி கீழே. ஓடினால் ஒரு நிமிஷம். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். அதே மனுஷர் கையிலதான் இன்னைக்கு ரிலீஸ். அவர் நிறுத்தினார்னா பாத்துதான் நிறுத்தியிருப்பார்."

"தப்பாப் போனா?"

"என் தப்பு. அதுக்கும் இங்கேயே உக்காந்து பதில் சொல்றேன். அடுத்த கேள்வி கேளுங்க."

பேனா கொஞ்ச நேரம் எழுதியது. இன்னும் நாலைந்து கேள்விகள். எல்லாம் முடிந்ததும் இயக்குநர் எழுந்து கை கொடுத்தார். "கடிதம் திங்கக்கிழமை வரும். நாளைக்கு வர வேண்டியவரை வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன்." அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பு என்று ஒன்று உண்டு என்பது தெரிந்தது.

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். குழுவில் ஒருவரையும் காணோம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நிதானம் மட்டும் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுண்ணே?"

"முதல்ல பத்து பஸ்ஸுக்கு மட்டும் புதுசை விட்டோம். ஒரு சீட்டு ரெண்டு பேருக்குப் போறாப்ல தெரிஞ்சுது. நிறுத்திப் பழையபடி மாத்தினேன். எல்லாருமா உக்காந்து காரணத்தக் கண்டுபிடிச்சோம். மறுபடி விட்டு, பத்து நிமிஷமாச்சு. சுத்தமா ஓடுது."

"ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

அவர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். எதற்கும் யோசிக்காமல் பதில் சொல்லும் ஆளில்லையே அவர்.

"தோணலம்மா," என்றார். "யாருக்குமே தோணல."

தான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டதா என்று ஒரு கணம் குத்தியது. மறுகணமே கண் நிறைந்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் படியிலிருந்து முழுக்கச் சொல்லச் சொன்னாள். ஒன்றரை மணி வரை அவர் நிதானமாகச் சொன்னார். அவள் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.