கௌரவத் தலைவரும் பின் ஆக்ஸிலும்

உப்புநீர் ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பதினான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பழைய லோடு வண்டி வாங்கினார்கள். இனி ஏஜென்ட் வேண்டாம், சரக்கைத் தாங்களே விற்பது என்று முடிவு. பகல் ஒரு மணிக்குள் முதல் சரக்கு பொன்னேரி வியாபாரியிடம் சேர வேண்டும். தவறினால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இவர்கள் மறுபடி ஏஜென்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். காலை எட்டு மணிக்கு, ஐஸ் பெட்டி ஏற்றப் போகும் வழியில், பின்பக்கம் கடகடவென்று அரைத்து வண்டி நின்றுவிட்டது.

மெக்கானிக் ஹாமித் ஆக்ஸிலின் அடி போல்ட்டைக் கழற்றினார். பால் விட்ட டீ மாதிரி ஆயில் வழிந்தது.

"உப்புத் தண்ணி. வண்டிய ஏரில எறக்குனீங்களா?"

வண்டி ஓட்டும் மோகனப்பிரியா, பக்கத்தில் நின்ற தணிகைவேலைப் பார்த்தாள். பெண்களின் சங்கத்துக்குத் தன்னைத் தானே கௌரவத் தலைவராக நியமித்துக்கொண்டவர் அவர். புதுப் படகை இறக்குவதுபோல வண்டியையும் முறைப்படி ஏரியில் இறக்க வேண்டும் என்று போன மாதம் ஆணையிட்டதும் அவர்தான். சக்கரம் முழுக நாற்பது நிமிடம் நின்றது வண்டி. அவருடைய பேச்சு அவ்வளவு நீளம்.

"படகுக்கு ஒண்ணும் ஆவலியே," என்றார் தணிகைவேல்.

"படகுல ஆக்ஸில் இல்ல தலைவரே," என்றார் ஹாமித். "உள்ள பல்லெல்லாம் போச்சு. மொத்தமா மாத்தணும். ஷெட்டுல ஒண்ணு கீது. கூட ரெண்டு ஆளு வேணும்."

"நான் ஒண்ணு பாய்," என்றாள் மோகனப்பிரியா.

தணிகைவேல் தன் வெள்ளை வேட்டியைக் குனிந்து பார்த்தார். உடனே கண்டனக் கூட்டம் ஒன்றை அறிவித்தார்.

"யார கண்டிக்கிறதுக்கு?" என்றார் ஹாமித்.

"அது கூட்டத்துல முடிவாவும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் தணிகைவேல்.

இரண்டாவது ஆளாக, பதினான்கு பேரில் ஒருத்தியான முனியம்மாள் வந்து சேலையைச் செருகிக்கொண்டாள்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பிரேக் டியூப், கேபிள், ஷாஃப்ட் எல்லாம் கழன்றன. ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடித்திருந்த யூ போல்ட்டுகள் மட்டும் உப்பில் இறுகி அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினாள் மோகனப்பிரியா. பைப் வளைந்தது. கட்டிங் மிஷினை வாங்கி நான்கையும் அறுத்துத் தள்ளினாள்.

மாற்று ஆக்ஸில் ஏறியது. ஆனால் பட்டையின் நடு போல்ட் ஆக்ஸில் குழியில் உட்காரவில்லை. டார்ச்சுக்கும் தெரியாத இடம். முனியம்மாள் அடியில் புகுந்து, சேற்றில் இறாலைத் தேடுவதுபோல் கண்ணை மூடித் தடவினாள்.

"ஒரு வெரக்கடை உம்பக்கம் தள்ளு. இன்னும். ஆங், போதும்."

புது யூ போல்ட் முடுக்கி, ஆயில் ஊற்றி, பிரேக்கில் புகுந்த காற்றை எடுத்து, ஏரிக்கரையில் ஐஸ் பெட்டி ஏற்றும்போது மணி பன்னிரண்டு. தணிகைவேல் போட்டோக்காரருடன் திரும்பி வந்தார்.

"புது ஆக்ஸில். முறைப்படி தண்ணில எறக்கிடலாம்."

"எறக்கலாம் தலைவரே," என்றாள் மோகனப்பிரியா. " மொதல்ல நீங்க எறங்கி ஆழம் பாத்து சொல்லுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, போட்டோவுக்குக் கைகூப்பியபடி இறங்கினார். முட்டியளவு ஆழத்தில் திரும்பிப் பார்த்தபோது வண்டி பொன்னேரிக்குப் போகும் திருப்பாலைவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

பொன்னேரி சேர்ந்தபோது ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வியாபாரி ஐஸுக்குள் கையை விட்டு ஓர் இறாலை எடுத்து முகர்ந்தார்.

"நாளைக்கி எத்தினி பெட்டி வரும்?"

முனியம்மாள் முழங்கை கிரீஸைத் துடைத்தபடியே சொன்னாள்: "இத்தினி நாளா ஏஜென்ட்டுக்குப் போனது மொத்தமும்."