திறக்காத படம்

அம்மாசி அண்ணன் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, வடக்கனந்தலில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றபோது காலை பதினொரு மணி. மறுநாள் அவர் மனைவிக்குக் கருமாதி. படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் நூறு நாள் வேலை அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஆள் போன பிறகுதான் தேடி வருவார்கள். அதற்காகவே பதினோரு வருடமாக ஒரு முகத்தையும் நான் அழித்ததில்லை. தனிக்கட்டைக்கு அத்தனை முகங்களும் ஒரு துணைதானே.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆல்பம் டிசைன் போடும் சாஃப்ட்வேரை எங்கள் தொழிலில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. முந்தாநாள் நானும் ஒரு திருட்டுப் பிரதியை இறக்கினேன். ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் ஏறும் என்றது, நிறுத்தினேன். கதவைத் திறந்து வா என்று கூப்பிட்டது நான்தான், வேறு யாரைச் சொல்ல. அரை மணியில் கம்ப்யூட்டர் திணறியது. நான் எதையும் காப்பி செய்யவில்லை, ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு விடாமல் மினுக்கியது. ஃபைல் பெயர்களின் பின்னால் புரியாத நாலு எழுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போனது. வெயில் சூடு என்று நினைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்போதே நெட்டையும் டிஸ்கையும் பிடுங்கியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்றான், கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிரவீன்குமார். படங்கள் அழியவில்லையாம், பூட்டிக் கிடக்கின்றனவாம். சாவி, அந்த வைரஸை அனுப்பியவனிடம். அவன் திரையில் எழுதிக் கேட்டிருந்த பணத்தைக் கொடுத்தாலும் திறப்பான் என்று நிச்சயமில்லை. இந்த ரகத்துக்கு மாற்றுச் சாவி இன்னும் யாரிடமும் இல்லை என்றும் சொன்னான்.

எல்லாவற்றையும் அம்மாசி அண்ணனிடம் சொன்னேன். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். அட்டையில் இருந்தது மழையில் ஊறிப்போய்விட்டதாம்.

ஃபைலைத் தேடிக் காட்டினேன். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு குறி. அதன் கீழே சின்னக்கண்ணு என்ற பெயர், பின்னால் அந்த நாலு எழுத்து.

"அவ இதுக்குள்ளதான் கீறாளாம்மா?"

"இருக்காங்கண்ணா. தொறக்கத்தான் முடியல."

போன வருடம் நான்தான் எடுத்தேன். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை.

"அப்ப செத்த நேரம் இங்கியே குந்திக்கினு இருக்கட்டா?"

மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க வந்தவரைப் போல முதுகை நிமிர்த்தி, அந்த வெள்ளைக் குறியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.