கோணிக்குப் பழகிய குட்டி

அன்று காலை வாசலில் இருந்தவர்கள்: அப்பா நஞ்சப்பன். அண்ணன் மாது. அண்ணி அன்பரசி. காதுக்குக் கீழே மூன்று தையலோடு அவர்கள் மகள் கலைமணி, வயது ஆறு. அப்பா வரச்சொல்லி வந்திருந்த மாந்தோப்புக் காவல்காரர் மாயவன். நான். கட்டில் காலில் கட்டியிருந்த பிஸ்கட், நான்கு மாத நாய்க்குட்டி.

பிஸ்கட்டின் தாய் ரோட்டில் அடிபட்டுச் செத்தபோது அதற்கு நான்கு வாரம்கூட ஆகவில்லை. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் ஒரு குட்டி எவ்வளவு கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். இதற்கு யாரும் இல்லை. ஓசூரில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த எனக்கும் வேலை இல்லை. என் கையையே கொடுத்தேன். அழுத்திக் கடித்தால் கத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். சற்றுக் கழித்து முடிச்சுப் போட்ட பழந்துணியைக் கொடுப்பேன். கை முழுக்கக் கீறல். இரண்டு மாதத்தில் பல் தோலில் பட்டும் படாமலும் கவ்வப் பழகிவிட்டது. பிறகு பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குத் தூக்கிப் போனேன். சுமை இறக்குகிறவர்கள், டிராக்டர் சத்தம், தெரியாத கைகள். எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தது. யாரையும் கடிக்கவில்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. விலை ஏறினால் தோட்டத்தில் தக்காளி திருடு போகும். "கடிக்காத நாய வெச்சு என்ன பண்றது, பூசைக்கு வெக்கவா?" என்பார். மாலையில் கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு குட்டியின் முன்னால் ஆட்டுவார். அது பாய்ந்து கவ்வித் தொங்கினால் ஒரு துண்டு கருவாடு. நான் பார்த்தேன். கோணிதானே, கையில்லையே என்று விட்டுவிட்டேன்.

மழை பெய்த ஒரு நாள், கோணியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கலைமணி மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். பிஸ்கட் பாய்ந்து கவ்வி உலுக்கியது. அவள் விழுந்தாள். காதுக்குக் கீழே பல் கிழித்தது. கோணி விலகி முகம் தெரிந்ததும் விட்டுவிட்டு வாலை ஆட்டியது.

"கொஞ்சம் முன்னால தள்ளிப் பட்டிருந்தா கண்ணு போயிருக்கும் மாமா," என்றார் அண்ணி அன்று காலை, அப்பாவிடம். "இது இங்க இருந்தா நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிர்றேங்க."

"அது பாப்பாவக் கடிக்கல அண்ணி. கோணியக் கடிச்சிது. மறக்க வெச்சுரலாம். ஒரு மாசம் குடுங்க."

"ஒரு வேலையில ஒழுங்கா நிக்கத் துப்பில்ல, நாய்க்கு வாத்தியாராம்," என்றான் மாது.

மாயவன் சிரித்தார். "மறக்க வெச்சுப்புடாதீங்க தம்பி. எனக்குக் கடிக்கிற நாய்தான் வேணும்."

"அது என்னய நக்குச்சு சித்தப்பா," என்றாள் கலைமணி. அண்ணி அவளை உள்ளே அனுப்பினார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணி காட்டியது யார் என்று நான் சொல்லியிருக்கலாம். தடுக்காமல் நின்றவன் யார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை.

"ஓட்டிக்கிட்டுப் போ மாயவா," என்றார் அப்பா.

மாயவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தோப்பில் ஏற்கெனவே ஒரு நாய் சங்கிலியில் கிடந்தது. கழுத்தில் முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. எங்களைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. ஊசிச் சீட்டை மாயவனிடம் கொடுத்து அடுத்த தேதியைச் சொன்னேன். பார்க்காமல் பையில் செருகினார்.

"பேரு பிஸ்கட்டுங்க."

"பேரெல்லாம் எதுக்கு? நீங்க கெளம்புங்க. நின்னீங்கன்னா அதுக்கு ரோசம் வராது."

பிஸ்கட் கயிற்றை இழுத்துக்கொண்டு என் பின்னால் வரப் பார்த்தது. கயிறு எட்டவில்லை. நான் வெளியே வந்தேன். மாயவன் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தி, எனக்குப் பின்னால் பூட்டினார்.